இரண்டு பெட்டியில் நாற்பத்தேழு

குடும்ப மரம் வரையும் வேலை என் தலையில் விழுந்ததற்கு அண்ணன் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, எங்கள் குடும்பத்தில் மரம் செடி கொடி பற்றிப் படித்தவள் நான் ஒருத்திதான். இரண்டு, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் நேரம் நிறைய இருக்கும். முதல் காரணத்தைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. சொந்தக்காரர்கள் என் படிப்பை வைத்து என்னிடம் கேட்காத உதவி இல்லை. சிறுநீரகக் கல்லுக்கு இலை கேட்டிருக்கிறார்கள், தென்னையில் குரும்பை கொட்டாமல் இருக்க வழி கேட்டிருக்கிறார்கள், ஒருவர் வாஸ்துப்படி வாசலில் எந்த மரம் வைக்கலாம் என்று கேட்டார். நான் வைத்த துளசி மூன்று முறை செத்துப்போன விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

என் வேலை செத்த செடிகளோடு. மைசூரில் ஒரு கல்லூரியின் ஹெர்பேரியத்தைப் பார்த்துக்கொள்கிறேன். காட்டிலிருந்து கொண்டுவந்த செடியை நாளிதழ்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, உலர்த்தி, தடித்த தாளில் தைத்து, மூலையில் லேபிள் ஒட்டிப் பீரோவில் அடுக்கிவைக்கும் இடம் அது. எந்த ஊரில் எடுத்தது, யார் எடுத்தது, எத்தனையாவது எண் என்று லேபிளில் இருக்கும். லேபிள் இல்லாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்களுக்கு அது வெறும் வைக்கோல்.

அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மைசூரிலேயே ஹெப்பாளில் மகன் வீட்டில் இருக்கிறார். காலையில் மொட்டை மாடியில் நின்று கம்பெனி பஸ்கள் போவதைப் பார்ப்பார். பார்ப்பதாகச் சொல்கிறார், எண்ணுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தலை எண்ணுவது அவருக்குத் தொழிலாக இருந்து சுபாவமாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கண்ணாலேயே எண்ணி முடித்த பிறகுதான் இலையில் கை வைப்பார்.

எங்கள் சொந்த ஊர் கோபிநத்தம். காவிரிக்குப் பக்கத்தில், காட்டு ஓரம். ஊர்ப் பெயரைச் சொன்னால் மைசூரில் எல்லோரும் அந்தக் காட்டில் சந்தனம் கடத்திய ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை, மரத்திலும் இல்லை. அங்கே எங்கள் குலசாமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். போன தடவை ஊர்த் திருவிழாவில் வேறொரு பங்காளிக் கூட்டம் தங்கள் முன்னோர் படத்தையெல்லாம் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டது. எங்களிடம் முன்னோர் படம் எதுவும் இல்லை. அதனால் மொத்தக் குடும்பத்தையும் மரமாக வரைந்து அதைவிடப் பெரிய ஃப்ளெக்ஸாக வைப்பது என்று அண்ணன் முடிவுசெய்தார்.

அவர் கொடுத்த நோட்டில் இப்போது உயிரோடு இருக்கும் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்; போய்ச்சேர்ந்தவர்களுக்கு மரத்தில் பெட்டி உண்டு, நம்பர் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். நம்பருக்கு நேராகப் பெயர், பெற்றவர்கள், இருக்கும் ஊர். கண்டக்டர் கையெழுத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. நாற்பத்தேழாம் நம்பர் நான். அந்த வரியில் மட்டும் பெற்றவர்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்த ஒரு கட்டத்தை நிரப்பச் சங்கடப்பட்டுத்தான் மொத்த மரத்தையும் என்னிடம் தள்ளிவிட்டார் என்பது எனக்கு நோட்டைத் திறந்ததும் புரிந்துவிட்டது. அவர் போன பிறகுதான் திறந்தேன், அதனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பிழைப்புக்கு மைசூர் வந்து மண்டி மொஹல்லாவில் ஒரு சாக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. இளையவர் ஊரிலேயே விவசாயம் பார்த்தார். அவருக்கு முதலில் ஒரு பையன், பிறகு இரண்டு பெண்கள், நான்காவதாக நான். எட்டு மாதத்தில் என்னைத் தூக்கி மூத்தவர் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த மறு வருஷம் இளையவருக்கு இன்னொரு பையன் பிறந்தான். அதை என் ராசி என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். நான் இல்லாமல் போனதுதான் ராசி என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

எடுத்து வளர்த்தவர்களை அம்மா அப்பா என்றுதான் கூப்பிட்டேன். பெற்றவர்களைச் சின்னம்மா, சித்தப்பா என்று கூப்பிட்டேன். முறைப்படி பார்த்தாலும் அப்படித்தானே கூப்பிட வேண்டும், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. இந்த மரத்தைப் போடச் சொன்ன அண்ணன் சின்னம்மாவின் மூத்த மகன். எப்படிப் பார்த்தாலும் அவர் எனக்கு அண்ணன்தான். அப்பாவும் சித்தப்பாவும் இப்போது இல்லை. மைசூரில் நானும் அம்மாவும் இருக்கிறோம், அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஊரில் சின்னம்மா இருக்கிறாள்.

எனக்கு இது பதினோரு வயதில் தெரிந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது குழாயடியில் ஒரு பெண்மணி, என்னைக் கொடுத்த அன்றைக்கு நான் அழவே இல்லை என்று பாராட்டாகச் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதுவரை பெருமையாக நினைத்திருந்த ஒரு விஷயம் அன்றைக்கு மதியமே கசந்துபோனது. சின்னம்மா வீட்டில் மற்ற நான்கு பேருக்கும் தட்டில்தான் சோறு. எனக்கு மட்டும் வாழையிலை. எனக்குத்தான் முதலில் பரிமாறுவாள். பருப்புப் போளியை அங்கே ஒப்பிட்டு என்பார்கள், அது அவர்களுக்கு ஒன்று என்றால் எனக்கு இரண்டு. அவர்களை வாடா போடி என்பவள், என்னிடம் மட்டும் "சாப்பிடுங்க கண்ணு, கூச்சப்படாதீங்க" என்பாள். அவர்களைப் போட்டு அடிப்பாள், என்னை ஒரு நாளும் தொட்டதில்லை. விருந்தாளியைத் தொடுவார்களா?

எனக்குக் கோபம் இருந்தது. கொடுத்ததற்காகக்கூட இல்லை. கொடுத்த பிறகு அப்படி மரியாதையாக நடத்தியதற்காக.

அம்மாவிடமும் இதைப் பற்றி நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய தேவை வரவில்லை. நான் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தது, வேறு எதிலும் இடம் கிடைக்காமல்தான். ஆனால் வீட்டுக்கு முதல்முதலில் செடிகளைக் கொண்டுவந்து அழுத்தி வைத்தபோது அம்மா அந்தச் செய்முறையை ஒரு சமையல் குறிப்பைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள். மழைக்காலத்தில் தினமும் தாளை மாற்றாவிட்டால் செடியில் பூசணம் பிடித்துவிடும். நான் கல்லூரிக்குப் போன நேரத்தில் அம்மா தாள் மாற்றினாள். ஈரத் தாள்களை அடுப்படிக் கொடியில் காயப்போட்டாள். குழம்பு வாசனை ஏறிய நாளிதழில் உலர்ந்த செடிகள் எங்கள் ஹெர்பேரியத்தில் நிறைய இருக்கின்றன.

பிறகு தைக்கவும் ஆரம்பித்தாள். கல்லூரியில் தைக்க ஆள் இல்லாத வருஷங்களில் நான் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். காம்பின் மேல் சின்னதாக ஒரு குறுக்குத் தையல், பின்பக்கம் இரண்டு முடிச்சு. பசை போட்டு ஒட்டிய செடிகள் பத்து வருஷத்தில் பெயர்ந்து வந்துவிடும். அம்மா தைத்தது ஒன்றுகூட அசைந்ததில்லை. நான் எடுத்த செடிகளின் எண்கள் ஒன்றில் தொடங்கி இப்போது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டன. அதில் பாதிக்கு மேல் அம்மாவின் தையல்தான். லேபிளில் என் பெயர் மட்டும் இருக்கும். தைத்தவர் பெயர் எழுத லேபிளில் இடம் விடுவது வழக்கமில்லை.

மரத்தின் முதல் வரைவை நான் என் தொழில் முறைப்படியே போட்டேன். யார் யாருக்குப் பிறந்தார்களோ அவர்களுக்குக் கீழே பெட்டி. இதில் பாசத்துக்கு வேலை இல்லை. பெரிய பேராசிரியர் ஒருவர் ஒரு செடிக்குத் தவறான பெயர் வைத்திருந்தபோது, அதே தாளில் அவர் துண்டுச் சீட்டுக்குக் கீழே என் சீட்டை ஒட்டிச் சரியான பெயரை எழுதியவள் நான். அவர் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. செடி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த நியாயத்தில் என்னைச் சின்னம்மாவுக்குக் கீழே நான்காவதாக வைத்தேன். பெரிய தாளில் அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். ஏன் விரித்துவைத்தேன் என்று கேட்டால், சுருட்டினால் மடிப்பு விழும் என்று அப்போது சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் வந்தபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா பெட்டியும் அவள் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதன் கீழே வெள்ளையாக ஒரு சாண் இடம். பக்கத்தில் சின்னம்மாவுக்குக் கீழே ஐந்து பெட்டி, அதற்குக் கீழே பேரன் பேத்தி என்று நெரிசலாக இருந்தது.

"எங்க பொட்டிக்குக் கீழ ஒண்ணும் வரலியா?" என்று கேட்டாள்.

"இது பொறந்த கணக்கும்மா" என்றேன். அவ்வளவு நேரம் யோசித்து வைத்திருந்த பதில் அது.

"செரி, பிடு" என்றாள். அறுபது வருஷம் மைசூரில் இருந்ததில் விடு என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். எழுந்து போய் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கினாள்.

அந்த வாரம் அவள் தைத்துக்கொண்டிருந்த செடி ஒன்று பாதியில் நின்றது. கேட்டால் கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். அதே கண்ணால் அரிசியில் கல் பொறுக்கினாள், எதிர் வீட்டு மாடியில் காயும் துணி யாருடையது என்று சொன்னாள். நூல் கோர்த்த ஊசி தாளிலேயே குத்திக்கிடந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடித்தேன். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அப்பா போனபோதுகூட வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள்.

இரண்டாவது வரைவில் என்னை எடுத்து அம்மாவுக்குக் கீழே வைத்தேன். சட்டப்படி, ரேஷன் கார்டுப்படி, பள்ளிச் சான்றிதழ்ப்படி எல்லாம் அதுதான் சரி. அறிவியலும் ஒரு அளவுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் காட்டுவதற்கு முன் அண்ணன் வந்து அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பெயரெல்லாம் சரியா என்று பெரியவர்களிடம் கேட்க வேண்டுமாம். சின்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் படித்துக் காட்டியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நடந்ததை டிக்கெட் கணக்கு ஒப்படைப்பதுபோல் வரிசையாகச் சொன்னார். சின்னம்மாவின் வரிசையைப் படித்தாராம், நாலு பேர் வந்தார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம். படித்தார், அப்போதும் நாலு பேர். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாளாம். அவர் எரிச்சலாகி, எத்தனை தடவை படித்தாலும் அதே நாலுதான் என்றிருக்கிறார். அவள் செரி என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாளாம்.

"வேற ஒண்ணும் சொல்லலீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார். "சாயங்காலமா சொல்லுச்சு. 'நான் அவளத் தொட்டா அக்கா மனசு சங்கடப்படும்னே ஒதுங்கி இருந்துட்டேன். அதுக்காவ நாலுன்னே எளுதிட்டீங்களா'ன்னு கேட்டுச்சு."

நான் எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்தார்.

ஆக ஒரு மரம், இரண்டு தாய்மார். எந்தப் பக்கம் என் பெட்டியை வைத்தாலும் மறுபக்கம் ஒருத்தி மூன்று தடவை படிக்கச் சொல்வாள், அல்லது தையலை நிறுத்துவாள். இரண்டு பேருக்கும் எண்பதை ஒட்டிய வயது. இன்னொரு கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான். பேசாமல் என்னை மரத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன், நூற்றுப் பதினொன்று என்பதும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணன் தினமும் போன் செய்து ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அவசரப்படுத்துவதாகச் சொன்னார். கடைக்காரருக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தச் சமயத்தில் வேறொரு ஊர் ஹெர்பேரியத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. அவர்களிடம் ஒரு புதர்ச் செடியின் தாள் இருக்கிறது, என் பெயரும் எண்ணும் போட்டிருக்கிறது. எங்கள் பட்டியலிலும் அதே எண் இருக்கிறதே, ஏதாவது தவறு நடந்திருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். படத்தையும் அனுப்பியிருந்தார்கள். பீரோவிலிருந்து எங்கள் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். கோபிநத்தத்துக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் நான் எடுத்தது. இரண்டு தாளிலும் காம்பின் மேல் அதே குறுக்குத் தையல்.

இது எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான், புதிதாக வந்தவர்களுக்குத்தான் குழப்பம். ஒரு செடியிலிருந்து இரண்டு மூன்று கிளை வெட்டுவோம். ஒவ்வொன்றையும் தனித் தாளில் தைப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே எண். ஒன்று நம்மிடம் இருக்கும், மற்றவை வேறு ஊர்களுக்குப் போகும். ஒரு இடத்தில் தீப்பிடித்தாலும் பூச்சி அரித்தாலும் இன்னொரு இடத்தில் செடி இருக்க வேண்டும் என்பதற்காக. போனதை நகல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நகல் என்று அதில் எதுவும் கிடையாது. அங்கே இருப்பதும் அந்தச் செடிதான், இங்கே இருப்பதும் அந்தச் செடிதான்.

இதைத்தான் சுருக்கமாகப் பதில் எழுதினேன். தவறு எதுவும் நடக்கவில்லை, ஒரே செடி, ஒரே எண், இரண்டு இடத்திலும் இருப்பது சரி, எந்தத் தாளையும் எடுக்க வேண்டாம். அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் மூடி வைத்துவிட்டு, அனுப்பிய மெயிலை மறுபடி எடுத்துப் படித்தேன். முப்பது வருஷமாக ஊர் ஊராக எழுதிக்கொண்டிருந்த பதில். வீட்டுக்கு எழுதத் தெரியவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

மூன்றாவது வரைவில் அம்மாவுக்குக் கீழே ஒரு பெட்டி, நாற்பத்தேழு. சின்னம்மாவுக்குக் கீழே நான்காவது பெட்டி, அதுவும் நாற்பத்தேழு. இரண்டிலும் அதே பெயர், அதே எழுத்து அளவு. அடைப்புக்குறி, நட்சத்திரக் குறி, அடிக்குறிப்பு ஒன்றும் போடவில்லை.

அண்ணனுக்கு அது ஒப்பவில்லை. ஆள் நூற்றுப் பன்னிரண்டு, நம்பர் போட்ட பெட்டி நூற்றுப் பதின்மூன்று. கண்டக்டர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய கேவலம் கிடையாது.

"ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு சீட்டா? செக்கிங் வந்தா நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

"குலசாமி செக்கிங் வராதுங்கண்ணா."

"வெளையாடாத அம்மிணி. எண்ணிக்கை இடிக்குது."

நான் அவருக்குச் செடிக் கதையைச் சொன்னேன். ஒரு செடி, இரண்டு தாள், ஒரு எண். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. விரலால் சின்னம்மாவின் வரிசையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணன், அக்கா, அக்கா, நான், தம்பி. மறுபடி எண்ணினார். என்னைக் கொடுத்தபோது அவருக்கு ஏழு வயது.

"உன்னையத் தூக்கிட்டு பஸ் ஏறுனாங்க. நான் பஸ்ஸுக்குப் பொறத்தாண்டியே ஓடினேன்" என்றார். "எனக்கு அன்னிக்கே எண்ணிக்கை இடிச்சுதான் போச்சு. இப்படியே அடிக்கச் சொல்லிர்றேன்."

தாளைச் சுருட்டிக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, நூற்றுப் பதின்மூன்று என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்கு முன்பே அம்மாவுக்கு ஒரு அச்சை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் நான் காப்பிக்கு வந்தபோது மேஜையில் பாதியில் நின்ற செடி முழுவதும் தைக்கப்பட்டிருந்தது. வழக்கமாகப் பின்பக்கம் இரண்டு முடிச்சு போடுபவள் இதில் மூன்று போட்டிருந்தாள். கண் தெரியாததால் இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கும்பாபிஷேகத்துக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். ஃப்ளெக்ஸ் பந்தலின் ஒரு பக்கத்தை அப்படியே மறைத்து நின்றது. கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் பின்னால் ஒரு ஆலமரப் படத்தைப் போட்டிருந்தார். கலசத்தில் தண்ணீர் ஊற்றி முடிந்து, கூட்டம் கீழே இறங்கிய பிறகு ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பெட்டியைத் தேடிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் சின்னம்மாவும் கடைசியாகப் போய் அதன் முன்னால் நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி, ஒரு தூணைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டியவள்போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா எழுத்துத் தெரியாமல், பெட்டியை விரலால் எண்ணினாள். "எனக்கு அஞ்சு வருதுங்கக்கா" என்றாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு" என்றாள். ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே விஷயத்தில் திருப்திப்பட்டதை எங்கள் குடும்பத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு பந்தி. ஒவ்வொரு விசேஷத்திலும் யார் முதலில் உட்காருவது என்று சண்டை வருவதால், அண்ணன் இந்தத் தடவை மரத்தின் வரிசைப்படியே இலை போடச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு இலைக்கும் மேலே ஒரு துண்டுச் சீட்டில் நம்பர். பரிமாறுகிறவர்களிடம் அவர் கொடுத்தது ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்த அதே பட்டியல். நான் பந்தலுக்குள் போனபோது சின்னம்மாவின் வரிசையில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு இலை, மேலே நாற்பத்தேழு. எதிர்ப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டே இலை, இரண்டாவதிலும் நாற்பத்தேழு. அண்ணன் தொலைவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு இது தவறு என்று தோன்றவில்லை. இலை நூற்றுப் பதின்மூன்று, சரியாக இருந்தது.

நான் நடுவில் நின்றேன். பந்தியில் இப்படி நிற்பது நன்றாக இருக்காது, எல்லோரும் பார்க்கிறார்கள். அம்மா பக்கம்தான் நடந்தேன். அம்மா தலையை நிமிர்த்தாமல் என் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல அங்க போய் உக்காரு" என்றாள். "உன் இலைய நான் பாத்துக்கறேன்."

போய் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ஐம்பத்து நான்கு வயதில், அந்த வரிசையில், முதல் முறை. சின்னம்மா உட்காரவில்லை. யார் சொல்லியும் கேட்காமல் ஒப்பிட்டுத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வரிசைக்குத் தானே பரிமாறி வந்தாள். பழக்கத்தில் நான் இலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவைத்தேன். அவள் முதலில் என்னிடம் வரவில்லை. எண்ணி முடித்து வந்து உட்கார்ந்த அண்ணனுக்கு வைத்தாள். பெரியக்காவுக்கு வைத்தாள். சின்னக்காவுக்கு வைத்தாள். நான்காவதாக எனக்கு வைத்தாள், ஒன்றே ஒன்று.

தம்பியிடம் நகர்வதற்கு முன்னால் இடது கையை என் தலையில் ஊன்றிக்கொண்டாள். முழங்கால் வலி அவளுக்கு. அல்லது அதற்காக இல்லை. "மிச்சம் வெக்காத புள்ள" என்றாள்.

நான் மிச்சம் வைக்கவில்லை. எதைச் சாப்பிட்டேன் என்று நினைவில்லை, கண் மங்கலாக இருந்தது. பந்தி முடிந்து எல்லோரும் எழுந்தபோது கை கழுவிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனேன். அம்மாவின் இலையில் எல்லாம் வைத்தபடியே இருந்தது, அவள் தொடவில்லை. ஒரு கையால் என் இலை மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க நல்லா சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"செரி, உக்காரு."

உட்கார்ந்தேன். வயிற்றில் இடம் இல்லை. அம்மா தன் இலையில் இருந்த ஒப்பிட்டை எடுத்து என் இலையில் வைத்தாள், அதையும் சாப்பிட்டேன்.